‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’ என்பதை நம் பேச்சில் எப்படிச் சொல்வது?

காரைக்குடிக் கணக்கர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலத் தொடரால் கடந்த பதினைந்து நாள்களாக எனக்கு ஏற்பட்டிருக்கும் சங்கடத்தைச் சொல்லி, உங்கள் ஆலோசனையைக் கேட்கவே இதை எழுதுகிறேன். கானாடுகாத்தான் பக்கத்தில், பல பங்காளிகளுக்குப் பொதுவான பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் வரவு செலவுக் கணக்கை நான் பார்த்து வருகிறேன். வீட்டின் ஒரு பகுதி இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிச் செல்லும் விடுதியாக இருக்கிறது. மின்கட்டணமும் பராமரிப்புச் செலவும் கைமீறிப் போனதால், ஓர் ஆலோசகரை வரவழைத்து, செலவைக் குறைக்கும் வழிகளை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதி வாங்கினார்கள். அதைத் தமிழில் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அறிக்கையின் முதல் பகுதிக்குத் தலைப்பே ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’ என்பதுதான். அதிகம் பாடுபடாமல் முதலில் முடித்துவிடக்கூடிய வேலைகள் என்பது அதன் கருத்து. இன்னும் மாட்டியிருக்கும் 60 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி பல்புகளைப் போடுவது, 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறிகளை மாட்டுவது, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒழுகிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வது ஆகிய மூன்றும் அதன்கீழ் வருகின்றன. நாற்பது பல்புகள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 12 யூனிட் ஆகும் இடத்தில் 1.8 யூனிட்தான் ஆகும் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி எல்இடி பல்புகளை மலிவாகக் கொடுத்தபோதே மாற்றியிருக்க வேண்டியவை என்பது என் எண்ணம். அதை நான் வெளியில் சொல்லவில்லை.

முதல் படியில் ‘தாழ்வாகத் தொங்கும் கனிகள்’ என்று எழுதினேன். பட்டாலையில் பங்காளிகள் கூடியிருந்தபோது அதை வாசித்ததும், பெரிய ஆச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “நம்ம தோட்டத்துல முருங்கை ஒண்ணுதானே இருக்கு, நீ எந்தக் கனியைச் சொல்றே?” என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு, மக்கள் பேசும் வழக்கே மேல் என்று நினைத்து, ‘நோகாமல் நொங்கு தின்னும் வேலைகள்’ என்று மாற்றினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பல ஆண்டுகளாக அந்த வீட்டின் மின்சாரச் செலவைக் கவனித்து வரும் பெரியவர், தன்னைத்தான் குத்திக் காட்டியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். பலகாரத்தைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்.

இந்தத் தொடருக்குத் தமிழில் சரியான வழக்கு என்ன? அன்றாடப் பேச்சில் இதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது? அரசுத் தேர்வுக்குப் படிக்கும் என் மகனும் நாளுக்கு நான்கு முறை இதைச் சொல்கிறான் என்பதால், எனக்கு இது அலுவல் சங்கடமாக மட்டும் இல்லை.

தேவகோட்டைத் தமிழாசிரியர், பணி ஓய்வு (மறுமொழி):

பெரியவர் கோபித்துக்கொண்டதில் வியப்பில்லை. நுங்கு தின்பது எவ்வளவு எளிதோ, அதைத் தின்னும் நிலைக்குக் கொண்டுவருவது அவ்வளவு கடினம். ஒருவர் பனையேறிக் குலையை வெட்டி இறக்க வேண்டும். இன்னொருவர் அரிவாளால் சீவிக் கண் திறந்து கொடுக்க வேண்டும். அதன் பிறகு பெருவிரலை உள்ளே விட்டு நெம்பி உறிஞ்சுகிறவனுக்கு மட்டும் ஒரு நோவும் இல்லை. ஆகையால் ‘நோகாமல் நொங்கு தின்பது’ என்ற வழக்கு வேலை எளிது என்பதைச் சொல்வதில்லை. அடுத்தவர் உழைப்பில் ஒருவன் சுகம் காண்கிறான் என்பதைத்தான் சொல்கிறது. நீங்கள் பல்பைப் பற்றி எழுதினீர்கள், அவர் தன்னைப் பற்றிப் படித்தார். தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் படிப்பார்.

எளிய ஆதாயத்தைக் குறிக்க நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்றால் எதிர்பாராமல், ஒன்றும் செய்யாமலே, நல்லது வந்து சேர்ந்தது என்று பொருள். ‘வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுப்பது’ என்றால் செய்ய வேண்டியதையெல்லாம் வேறொருவர் செய்து கொடுத்துவிட்டார். ‘கரும்பு தின்னக் கூலியா’ என்பது, விரும்பிச் செய்யும் வேலைக்கே ஊதியமும் கிடைக்கும்போது சொல்வது. உங்கள் ஆங்கிலத் தொடரில் இருப்பது இவற்றில் எதுவும் இல்லை. அங்கே ஒருவன் மரத்தடியில் நிற்கிறான். அவனுக்கு நேரமும் கையும் குறைவு. எதை முதலில் பறிப்பது என்று முடிவு செய்கிறான். எளிமை பாதிதான், முறைவரிசை மீதிப் பாதி. இன்ன வேலைக்கு முன் இன்ன வேலை என்னும் அந்த வரிசையை, நாம் மேலே கண்ட எந்த மரபுத் தொடரும் சொல்லவில்லை.

அதனால்தான் பெயர்ச்சொல்லைத் தேடாமல் வினைச்சொல்லைத் தேடுங்கள் என்கிறேன். ‘கைக்கெட்டியதை முதலில் பறிப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆச்சி எந்தத் தோட்டம் என்று கேட்க மாட்டார்கள். கனியை விட மனமில்லை என்றால், ‘எட்டாக்கனி’ என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்குவதால், அதைத் திருப்பி ‘எட்டும் கனி’ என்றாலும் கேட்பவருக்கு விளங்கிவிடும். மேடைக்கும் கட்டுரைக்கும் அது நன்றாக இருக்கும். செலவுக் கணக்குக்கு அது கொஞ்சம் அலங்காரம்.

நம் பக்கத்து மலையைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு மலை என்று கொள்கிறோம். மூவேந்தரும் அதை முற்றுகையிட்டபோது, நீங்கள் எத்தனை நாள் சூழ்ந்திருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்கப் போவதில்லை என்பதைக் கபிலர், ‘உழவர் உழாதன நான்குபயன் உடைத்தே’ என்று புறநானூற்றின் 109ஆம் பாட்டில் சொல்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவையே அந்த நான்கு. கிழங்கைத் தோண்டவும் தேனை எடுக்கவும் யாரோ பாடுபடத்தான் வேண்டும் என்று வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம் வாதிட்டதுண்டு, அதுவும் நியாயமே. உழாமல் விளைந்ததைப் பெருமையாகச் சொல்லவும் தமிழில் இடமிருக்கிறது, நுங்கு தின்பவனைப் போல எள்ளி நகையாட மட்டும் அன்று என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிட்டேன்.

பிரான்மலை அடிவாரத்து மாந்தோப்புக்காரர் (மறுமொழி):

ஆசிரியர் ஐயா எங்கள் மலையை இழுத்துவிட்டதால் நானும் உள்ளே வருகிறேன். இந்தத் தொடரை முதன்முதலாகச் சொன்னவர் ஒரு தோப்பிலாவது பழம் பறித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. மரத்தின் உச்சியிலும் வெளிப்பக்கத்திலும் இருக்கும் காய்களுக்கு வெயில் நன்றாகக் கிடைப்பதால் அவைதாம் முதலில் முற்றுகின்றன. கீழ்க்கிளைக் காய் நிழலில் கிடந்து பின்தங்கிப் போகும். கைக்கெட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை முதலில் பறிப்பவனுக்குப் பெரும்பாலும் முற்றாத காய்தான் கிடைக்கும். அதைப் பழுக்க வைத்தாலும் புளிப்பு போகாது. இது போதாதென்று, கைக்கெட்டும் காய் ஆட்டுக்கும் எட்டும், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் எட்டும். சில ஆண்டுகளில் கீழ்க்கிளையில் எனக்கு மிஞ்சுவது இலை மட்டும்தான்.

பறிக்கும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. மாங்காயைக் கையால் திருகி இழுத்தால் காம்பு அடியோடு ஒடிந்து பால் பீச்சும். அந்தப் பால் பட்ட இடத்தில் தோல் கருகிக் கறையாகிவிடும். சந்தையில் வியாபாரி முதலில் பார்ப்பது அந்தக் கறையைத்தான். தொரட்டியின் நுனியில் கத்தியும் வலைப்பையும் கட்டி, கொஞ்சம் காம்போடு அறுத்து இறக்கிய உச்சிக்காயில் இந்தக் கறை இருக்காது. எளிதாகப் பறித்தது விலை குறைவாகப் போவதையும், பாடுபட்டு இறக்கியது நல்ல விலைக்குப் போவதையும் நான் ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

பலாவின் சங்கதி இன்னும் வேடிக்கையானது. அது அடிமரத்திலேயே காய்க்கும். சில மரங்களில் வேரை ஒட்டி, மண்ணைத் தொட்டுக்கொண்டே கிடக்கும். இதைவிடத் தாழ்வாக எந்தப் பழமும் தொங்க முடியாது. ஆனால் நல்ல பழமென்றால் இருபது கிலோவுக்குக் குறையாது. தூக்க இரண்டு ஆள் வேண்டும், அறுக்கக் கையில் எண்ணெய் தடவ வேண்டும், வீட்டில் ஒரு பகல் முழுவதும் வேறு வேலை நடக்காது. தாழ்வாக இருப்பதெல்லாம் இலேசாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கணக்கர் ஐயாவின் பட்டியலில் பல்பும் மின்விசிறியும் எட்டும் கனிகள்தாம், ஒத்துக்கொள்கிறேன். குழாய் எனக்கு வேர்ப்பலாவாகத் தெரிகிறது. அந்த வீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். கண்ணாடியின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, ஒவ்வொரு கல்லாகக் கையால் வார்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது அது. நூறு கால் பட்டு மெருகேறிய பழைய கல்லைக் குழாய்க்காக உடைத்துவிட்டால், அதே நிறத்தில் புதுக்கல் கிடைக்காது.

சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள், பள்ளத்தூர் (மறுமொழி):

நான் மென்பொருள் திட்டங்களை மேற்பார்வை செய்கிறேன். இந்தத் தொடரை வாரத்துக்குப் பத்து முறையாவது கேட்கிறேன், மூன்று முறையாவது நானே சொல்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. அன்றாட வழக்கைப் பற்றிக் கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம்மவர்கள் ‘ஃப்ரூட்ஸ்’ என்று பன்மையாக்கிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஒருமையாகவே, தொகுதிப் பெயராக நிற்கும். பத்து வேலைகளைக் குறித்தாலும் ‘ஃப்ரூட்’தான். அதற்குத் துணை வரும் வினை ‘பிக்’ என்பதே. கூட்டங்களில் ‘குயிக் வின்’ என்பதையும் இதற்கு மாற்றாகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், ‘குயிக் வின்’ என்பது சீக்கிரம் கண்ணில் தெரியும் பலனைக் குறிக்கிறது, பழம் பறிப்பது குறைந்த உழைப்பைக் குறிக்கிறது. ‘ஈஸி பிக்கிங்ஸ்’ என்பதை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ஏமாளியிடம் பறிப்பது, காவல் இல்லாத இடத்தில் திருடுவது என்ற வாடை அதில் உண்டு. முதியவர்களுக்குத் தொலைபேசியில் ஓடிபி கேட்டுப் பணத்தைச் சுருட்டுகிறவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும், உங்கள் பல்புக்குப் பொருந்தாது.

‘விண்ட்ஃபால்’ என்பதும் பழமரத்திலிருந்து வந்த சொல்லே. காற்றில் தானாக விழுந்த பழம் என்பது அதன் நேர்ப்பொருள். ஆசிரியர் ஐயா சொன்ன பாலில் விழுந்த பழத்துக்கு இதுதான் சரியான ஜோடி. கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் ஏறியபோது உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்குக் கிடைத்த எதிர்பாராத லாபத்தின்மேல் மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு வரி போட்டு, 2024 டிசம்பரில் அதை நீக்கியதே, அந்த வரிக்கு ‘விண்ட்ஃபால் டாக்ஸ்’ என்றுதான் பெயர். அந்த லாபத்துக்காக எவரும் கையை நீட்டக்கூட இல்லை. தாழ்ந்த பழத்துக்கோ கையையாவது நீட்ட வேண்டும்.

எங்கே சொல்லக் கூடாது என்றும் கேட்டிருந்தீர்கள். நம் வேலையைப் பற்றி நாமே சொன்னால் அது திட்டமிடுதல். அடுத்தவர் செய்து முடித்த வேலையைப் பற்றிச் சொன்னால் அது அவமதிப்பு. என் குழுவில் ஒரு தம்பி இரண்டு இரவு கண்விழித்து ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினான். மறுநாள் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும், அது லோ ஹேங்கிங் ஃப்ரூட்தானே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தத் தம்பி அடுத்த மூன்று மாதங்களுக்குக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. உங்கள் அறிக்கையிலும் இதே கோளாறுதான் என்று எனக்குப் படுகிறது. இத்தனை எளிதான வேலை இத்தனை ஆண்டுகளாக ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. நுங்கை எடுத்துவிட்டு வேறு எந்தக் கனியை வைத்தாலும் அந்தப் பெரியவருக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

குரூப் 4 எழுதப்போகும் மாணவன், காரைக்குடி (மறுமொழி):

உங்கள் மகன் எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும், ஐயா. 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழ்ப் பாடத்திலிருந்து வருவதால், அதைத்தான் எங்கள் பயிற்சி வகுப்பில் அப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் நண்பர்களுக்குள் ‘அள்ளிவிடலாம்’ என்போம். ஆனால் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காதவர்களின் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அள்ளிவிடலாம் என்று இலக்கணத்தைப் புரட்டாமல் போனவர்கள், கணக்கில் முழு மதிப்பெண் வாங்கக்கூடியவர்களாக இருந்தும், அங்கேயே நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனிடம் சந்திப் பிழை, பிரித்து எழுதுதல் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், காரைக்குடி (மறுமொழி):

எங்கள் வட்டத்தில் இந்தத் தொடர் இறந்த காலத்தில்தான் அதிகம் வரும். எளிய கண்டுபிடிப்புகளையெல்லாம் முன்னோர் பறித்துவிட்டார்கள், நமக்கு உச்சிக் கிளைதான் மிச்சம் என்று, ஆய்வு இழுத்துக்கொண்டே போகும்போது ஆறுதலாகச் சொல்லிக்கொள்வோம். அமெரிக்கப் பொருளியலாளர் டைலர் கோவன் 2011இல் எழுதிய ஒரு சிறு நூலில் தம் நாட்டின் வளர்ச்சியைப் பற்றி இதையே வாதமாக வைத்தார். சும்மா கிடைத்த நிலம், அடுத்தடுத்து வந்த பெரிய தொழில்நுட்பங்கள், படிக்க வைத்தால் போதும் என்று காத்திருந்த அறிவுள்ள பிள்ளைகள் ஆகிய மூன்றும் அமெரிக்காவுக்குக் கைக்கெட்டும் பழங்களாக இருந்தன என்றும், அவற்றைத் தின்று தீர்த்த பிறகுதான் வளர்ச்சி தளர்ந்தது என்றும் அவர் சொன்னார். ஆகவே தலைப்பில் இந்தத் தொடரை வைக்கிறவர், அடுத்த பக்கங்களில் வரப்போவது எளிதாக இருக்காது என்றும் சேர்த்தே சொல்கிறார். கணக்கர் ஐயா தம் அறிக்கையின் இரண்டாம் பகுதியை எடுத்துப் பார்த்தால், கூரை ஓடு மாற்றுவதோ சூரிய மின்தகடு வைப்பதோ அங்கே இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

காரைக்குடிக் கணக்கர் (மறுமொழி):

பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். இரண்டாம் பகுதியில் இரண்டுமே இருக்கின்றன.

எல்லோருக்கும் நன்றி. தோப்புக்காரர் ஐயா சொன்னபடி தரையைப் போய்ப் பார்த்தேன். குழாய் போகும் வழி முழுவதும் ஆத்தங்குடிக் கல்தான். சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட பழைய கல். அந்த வேலையை முதல் பகுதியிலிருந்து எடுத்து மூன்றாம் பகுதிக்குத் தள்ளிவிட்டேன். அந்த ஆலோசகர் தரையைக் குனிந்தே பார்க்கவில்லை போலும்.

தலைப்பை ‘எளிதில் முடியக்கூடிய வேலைகள்’ என்று எழுதி, கூட்டத்துக்கு முன்பே அந்தப் பெரியவரின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பள்ளத்தூர் அம்மா சொன்னது மனதில் இருந்ததால், பல்புகளை மாற்றுவதாக அவரே சில ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்து, பங்காளிகளின் ஒப்புதல் கிடைக்காமல் நின்றுபோன பழைய குறிப்பைத் தேடிப் பிடித்து, அதையும் பின்னால் இணைத்திருந்தேன். அவர் முதலில் அந்தக் குறிப்பைத்தான் படித்தார். பிறகு தாளை முன்பக்கம் திருப்பி, சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து, தலைப்பில் ‘எளிதில் முடியக்கூடிய’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘முதல் தவணை’ என்று எழுதினார். “வட்டிக் கணக்குப் பார்த்த வீடு இது, தவணைன்னா எல்லாருக்கும் புரியும்” என்றார். எது முன், எது பின் என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிட்டது. எளிது என்றோ கடினம் என்றோ எவரையும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்தில் ‘முதல் தவணை வேலைகள்’ என்று வாசித்தேன். எவரும் சிரிக்கவில்லை. ஆச்சி மட்டும், போன தடவை சொன்ன கனி என்னவாயிற்று என்று கேட்டார்கள். திங்கட்கிழமை நாற்பது பல்புகள் வாங்கி வந்தாயிற்று. மாட்டும்போது பெரியவரே ஏணியடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். மகனிடம் சந்திப் பிழை கேட்டேன், பத்துக்கு ஆறு.